தொட்டிக்குள் ஒரு குடித்தனம்: சிக்லிட் மீன்களுக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

பணி ஓய்வுக்குப் பிறகு மீன் தொட்டி வைத்தவர்கள் என் நண்பர்கள் வட்டத்திலேயே ஏழெட்டுப் பேர் உண்டு. நாய் என்றால் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போக வேண்டும். முட்டி ஒத்துழைக்காது. பூனை சொன்னபடி கேட்காது. மீன் என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்கிறார்கள். ஆகவே கடைக்குப் போகிறோம், பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு. "தாத்தா, அந்த நீலம்! அந்த மஞ்சள்! அந்தக் கோடு போட்டது!" என்று அவர்கள் கைகாட்ட, கடைக்காரர் வலையை விட்டு எடுத்துப் பையில் போடுகிறார். பதினைந்து நாளில் தொட்டியில் இருப்பது இரண்டே மீன். ஒன்று கொழுத்திருக்கிறது, மற்றொன்று மூலையில் வால் கிழிந்து நிற்கிறது.

எந்த மீனை எதோடு விடலாம் என்று அண்மையில் இரண்டு நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். நான் மீன்வளத் துறையில் வேலை பார்த்தவன் அல்லன். கோப்பு எழுதியே காலம் தள்ளிய எழுத்தன். ஆனாலும் எழுத்தனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மனு வந்தாலும் முதலில் முந்தைய கோப்பைப் புரட்டிப் பார்ப்பது. மீனுக்கும் ஒரு முந்தைய கோப்பு இருக்கிறது: அது எந்த ஊர்த் தண்ணீரில் பிறந்தது, என்ன தின்றது, யாரோடு சண்டையிட்டது, குஞ்சுகளை எப்படி வளர்த்தது என்ற கோப்பு. அதைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்துச் சேர்ப்பது, ஜாதகம், குலம், குணம் ஒன்றுமே விசாரிக்காமல் பட்டுப்புடவையைப் பார்த்துப் பெண் எடுப்பது போன்றது. இந்தக் கட்டுரை அந்தக் கோப்பைப் பற்றியது.

கண்ணாடித் தொட்டி வந்த கதை

மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு முன்னோடி ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. ழான் வீல்ப்ரே என்பது பெயர். 1794-இல் கொரேஸ் பகுதியிலுள்ள ழுய்யாக் என்ற ஊரில் பிறந்தவர். பாரீசுக்குப் போய்த் தையற்காரியாக வேலை செய்தார். ஓர் இளவரசியின் திருமண உடைக்குப் பூவேலை செய்து பெயர் பெற்றார். பிறகு பவர் என்ற ஆங்கில வணிகரை மணந்து சிசிலித் தீவின் மெசினாவில் குடியேறினார். அங்கே கடற்கரையில் கிடைக்கும் ஆர்கோனாட் என்ற ஓடுடைய கணவாயைப் பற்றி அறிஞர்களிடையே ஒரு வழக்கு இருந்தது. அந்த ஓடு அதனுடையதா, வேறு யாரிடமிருந்தோ திருடியதா என்பது கேள்வி. அம்மையார் 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்து, கடல்நீர் நிரப்பி, உயிருள்ள கணவாயை அதில் வைத்துக் கவனித்தார். ஓடு அதனுடையதே என்று தீர்ப்பாயிற்று. பட்டம் படிக்காத ஒரு தையற்காரி பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்து தீர்த்துவைத்த வழக்கு அது.

அடுத்தது லண்டன். 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். மீன் விடும் மூச்சைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. கணக்குச் சரி. ஆனால் செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கிற்று. அவர் சில குளத்து நத்தைகளை விட்டார். நத்தை அழுகியதைத் தின்றது, நத்தையின் முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்கு உணவாயின. தண்ணீர் தெளிந்தது. ஒரு தொட்டியில் யார் யாரைச் சேர்க்கலாம் என்று யோசித்துச் சேர்த்த முதல் பொருத்தங்களில் ஒன்று இது. அழகுக்காகச் சேர்த்ததல்ல, ஒருவருக்கு ஒருவர் பயன்படுவதற்காகச் சேர்த்தது. 1854-இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூலுக்குப் பிறகு 'அக்வேரியம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கலாயிற்று.

வெப்ப நாட்டு மீன்கள் ஐரோப்பாவுக்கு வந்தது அதற்குப் பின்புதான். 1869-இல் சீனாவிலிருந்து பாரீசுக்கு வந்த 'சொர்க்க மீன்'களைப் பியேர் கார்போனியே என்பவர் வளர்த்துக் குஞ்சு எடுத்தார். காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால் அத்தனை நாள் கப்பல் பயணத்தைத் தாங்கிற்று. நமது கதாநாயகர்களான சிக்லிட் மீன்கள் 1890-களில் தென்னமெரிக்காவிலிருந்து வரத்தொடங்கின. ஏஞ்சல் மீன் முதல் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு ஹாம்பர்க் துறைமுகத்தில் வந்திறங்கிற்று.

யார் இந்தச் சிக்லிட்?

சிக்லிட் என்பது ஒரு மீன் அன்று, ஒரு பெரிய குடும்பம். பெயரிடப்பட்ட இனங்களே 1,700-க்கும் மேல். கடையில் பார்க்கும் ஏஞ்சல், ஆஸ்கார், டிஸ்கஸ், ஃபிளவர்ஹார்ன், மஞ்சளும் நீலமுமாகத் துள்ளும் ஆப்பிரிக்க மீன்கள், சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டை எல்லாம் இந்தக் குடும்பமே. இவற்றின் பொதுக் குணம், முட்டையையும் குஞ்சையும் கைவிடாமல் காப்பது. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதும் கடமை முடிந்தது என்று போய்விடும். சிக்லிட் அப்படியல்ல. இடம் பிடிக்கும், துப்புரவு செய்யும், காவல் நிற்கும், குஞ்சை அழைத்துக்கொண்டு திரியும். சில இனங்கள் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். நல்ல பெற்றோர் என்பதால்தான் கெட்ட அண்டை வீட்டுக்காரர். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பொருத்தம் பார்த்தாயிற்று.

இந்தக் குடும்பம் முக்கியமாகத் தென்னமெரிக்கா, நடு அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகிய இடங்களுக்கு உரியது. ஆனால் இந்தியாவுக்கே உரிய சிக்லிட்டுகள் மூன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று நம் உப்பங்கழிகளில் உள்ள செத்தக்கெண்டை, மலையாளத்தில் கரிமீன். இரண்டாவது அதன் தம்பி போன்ற செல்லக்காசு. மூன்றாவது கன்னட நாட்டு ஆறுகளில் மட்டும் வாழ்வது.

முதல் இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லின் நகர மருத்துவர் பிளாக். செத்தக்கெண்டைக்கு 1790-இல், செல்லக்காசுக்கு 1795-இல். அவருக்கு இந்தியாவிலிருந்து மீன்களைப் பாடம் செய்து அனுப்பிவந்தவர்களில் ஒருவர், நமது காரைக்காலுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார். பிறகு 1816 முதல் 1822 வரை நம் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு செடிகொடிகளையும் விலங்குகளையும் சேகரித்தவர் லெஷெனோல். அவர் இங்கிருந்து அனுப்பிய மீன்கள் பல, பாரீசில் குவியேயும் வலான்சியேனும் எழுதிய மீன்கள் பற்றிய பெருநூலில் இடம்பெற்றன. செத்தக்கெண்டையின் இனப்பெயரான 'எத்ரோப்ளுஸ்' 1830-இல் அந்த நூலில் குவியே இட்டதுதான். பள்ளியில் எங்களுக்குக் குவியே என்றால் எலும்பை வைத்து விலங்கைச் சொல்லிவிடும் மேதை என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அரியாங்குப்பம் ஆற்றில் தூண்டில் போடும் பையன்கள் பிடித்துவரும் மீனுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தி. செத்தக்கெண்டைக்கு மிக நெருங்கிய உறவினர்கள் வங்கக்கடலிலோ கங்கையிலோ இல்லை. மடகாஸ்கரில் இருக்கிறார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை, பின்னால் கடல் வழியாக வந்தது என்று மறுசாரார். நம் ஊரிலிருந்து பிரெஞ்சுக் காலத்தில் மடகாஸ்கருக்கு உத்தியோகம் பார்க்கப் போன குடும்பங்கள் உண்டு. மீன்கள் அவர்களை முந்திக்கொண்டன.

முதல் பொருத்தம்: ஊர்த் தண்ணீர்

எங்கள் இயற்கை அறிவியல் ஆசிரியர் எந்த உயிரினத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் கரும்பலகையில் 'மில்யூ' என்று எழுதுவார். சூழல் என்று பொருள். விலங்கை அப்புறம் வரைவார். அந்த முறைதான் இங்கே வேண்டும்.

அமேசான் காட்டின் தண்ணீர் மழைநீர். இலைச்சருகு ஊறி, தேநீர் நிறமாகி, சற்றே அமிலத் தன்மையோடு, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாக இருக்கும். டிஸ்கஸ், ராம் ஆகியவை அத்தகைய தண்ணீரின் பிள்ளைகள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியோ பாறைகளுக்கு நடுவே கிடக்கும் 700 மீட்டர் ஆழக் கடல் போன்ற ஏரி. அதன் நீர் காரத்தன்மை கொண்டது. அளவுகோலில் 7.8 முதல் 8.6 வரை காட்டும். டாங்கனிக்கா ஏரி இன்னும் ஆழம், சுமார் 1,470 மீட்டர். அதன் நீரும் காரமும் கடினமும் உடையதே. ராமையும் மலாவி மீனையும் ஒரே தொட்டியில் விட்டால் யாராவது ஒருவர் அந்நிய நாட்டில் குடியிருக்க நேரும். உடனே சாகாது. நிறம் மங்கும், நோய் எளிதில் பற்றும்.

கடைகளில் விற்கும் ஏஞ்சல் மீன்கள் பல தலைமுறைகளாகப் பண்ணையில் பிறந்தவை. ஆகவே நம் குழாய்த் தண்ணீரைப் பொறுத்துக்கொள்கின்றன. டிஸ்கஸ் அவ்வளவு பொறுமைசாலி அல்ல. நம் ஊரில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் உங்கள் தண்ணீர் கடினமானது. அமேசானைவிட ஆப்பிரிக்க ஏரிதான் உங்களுக்குப் பக்கம்.

இரண்டாவது: வாயளவு

ஊர் ஒன்றானால் போதுமா? போதாது. நியான் டெட்ரா என்ற நீலச் சிவப்பு மின்மினி மீனை எல்லோரும் அறிவோம். அதைப் பெருவின் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து 1934-இல் வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஒகுஸ்த் ரபோ என்ற பிரெஞ்சுக்காரர். ஏஞ்சலும் அதே அமேசான்காரர்தான். குட்டி ஏஞ்சலையும் நியானையும் சேர்த்து விட்டால் ஆறு மாதம் படம் போல இருக்கும். பிறகு ஒவ்வொரு காலையும் ஒரு நியான் குறையும். ஏஞ்சல் மீது குற்றமில்லை. காட்டிலும் அது சின்ன மீனைத் தின்றுதான் வளர்ந்தது. வாய்க்குள் போகும் அளவில் உள்ள எதையும் சிக்லிட் துணை என்று நினைக்காது, சாப்பாடு என்றே நினைக்கும்.

கடையில் நாம் பார்ப்பது குழந்தையை. வாங்கும்போது கேட்க வேண்டியது, "இது எவ்வளவு பெரிதாகும்?" என்பது. கட்டைவிரல் அளவில் கண்ணைச் சிமிட்டும் ஆஸ்கார் ஓர் அடி வளரும். கப்பி, மாலி எல்லாம் அதற்குக் கடலை மிட்டாய்.

மூன்றாவது: சாப்பாடு

மலாவி ஏரியின் பாறை மீன்களை அங்குள்ள டோங்கா மக்கள் 'ம்புனா' என்கிறார்கள். உலகமெங்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. லிவிங்ஸ்டனோடு போன மருத்துவர் ஜான் கிர்க் அந்த ஏரியில் சேகரித்த மீன்களை லண்டனில் குந்தர் 1864-இல் விவரித்தார். அன்று தொடங்கிய பட்டியல் இன்னும் முடியவில்லை. ஒரே ஏரியில் நூற்றுக்கணக்கான இனங்கள் எப்படி வாழ முடிந்தது? உணவைப் பங்கிட்டுக்கொண்டதால். ஒன்று பாறைப்பாசியைச் சுரண்டும், ஒன்று மணலைச் சலிக்கும், ஒன்று சிறு பூச்சியைப் பொறுக்கும், ஒன்று பிற மீனின் செதிலையே கடித்துப் பிடுங்கித் தின்னும்.

பாசி தின்னும் ம்புனாவின் குடல் நீளமானது. அதனோடு இறைச்சி தின்னும் மீனைச் சேர்த்து, எல்லோருக்கும் ஒரே புழு, ஒரே இறைச்சித் துண்டு என்று போட்டால் ம்புனாவுக்கு வயிறு ஊதி முடிவு வந்துவிடும். ஒரே பந்தியில் சைவத்தையும் அசைவத்தையும் கலந்து பரிமாறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா?

நான்காவது: எல்லைத் தகராறு

வருவாய்த் துறைக்காரர்களுக்கு இந்தப் பகுதி எளிதில் விளங்கும். சிக்லிட்டுக்கு நிலம் முக்கியம். ஒரு கல், ஒரு தொட்டியோடு, ஒரு மூலை, ஏதாவது ஒன்றைப் பட்டா போட்டுக்கொள்ளும். முட்டையிடும் காலத்தில் அந்தப் பட்டாவின் பரப்பு தானாகவே கூடிவிடும். இரண்டு அடித் தொட்டியில் ஒரு ஜோடி குடித்தனம் தொடங்கினால் மற்ற மீன்கள் எல்லாம் புறம்போக்கில் நிற்க வேண்டியதுதான்.

இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர் ஆஸ்திரிய அறிஞர் கோன்ராட் லோரன்ஸ், 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். ஆக்கிரமிப்புக் குணத்தைப் பற்றி அவர் 1963-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில், சிக்லிட் ஜோடிகளைக் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வைத்த அனுபவத்தைச் சொல்கிறார். கணவன்மார்கள் தடுப்புக்கு அப்பால் உள்ள அண்டை வீட்டுக்காரனிடம் சினத்தைக் காட்டிக்கொண்டு, மனைவியிடம் சுமுகமாக இருந்தார்கள். தடுப்பில் பாசி படர்ந்து அடுத்த வீடு தெரியாமல் போனதும் மனைவியிடம் சீறத் தொடங்கினார்கள். பாசியைத் துடைத்ததும் வீட்டில் அமைதி திரும்பிற்று. அவர் எடுத்துக்காட்டிய மீன்களில் ஒன்று நமது செல்லக்காசு. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் காட்ட முடியாத கோபத்தை வீட்டில் காட்டியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதிலிருந்து வளர்ப்பவர்கள் கற்ற பாடம் இரண்டு. ஒன்று, ஜோடியை மட்டும் தனியே அடைத்தால் சில இனங்களில் பெண் மீன் அடிபட்டே சாகும். இரண்டு, ம்புனா போன்றவற்றை நாலைந்தாக வைப்பதைவிடப் பன்னிரண்டாக வைப்பது நல்லது. அடி பலர்மீதும் பரவலாக விழும், ஒருவனே எல்லாவற்றையும் வாங்கமாட்டான். ஆனால் அதற்கேற்ற வடிகட்டியும் வாரந்தோறும் தண்ணீர் மாற்றும் ஒழுங்கும் வேண்டும். மேலும் ஒரே நிறம், ஒரே கோடு உள்ள இரண்டு இனங்களைச் சேர்க்கக்கூடாது. தன்னைப் போல இருப்பவனைத்தான் சிக்லிட் அதிகம் வெறுக்கிறது.

நம் ஊர் அண்ணன் தம்பி

பொருத்தம் என்றால் நட்பு அல்லது பகை என்று இரண்டே வகை என நினைத்துவிடக்கூடாது. அதற்குச் செத்தக்கெண்டையும் செல்லக்காசுமே சாட்சி.

1980-களில் மாற்றல் உத்தரவு வந்து மாஹேயில் மூன்று ஆண்டு இருந்தேன். அங்கே ஆற்று முகத்துவாரத்தில் பிடித்த கரிமீனை வாழையிலையில் பொதிந்து சுடுவார்கள். அதன் சுவைக்காகவே மாற்றலை நீட்டித்துக் கேட்டவர்கள் உண்டு. கூடையின் அடியில் கிடக்கும் சின்னஞ்சிறு மஞ்சள் மீனை யாரும் சட்டை செய்யமாட்டார்கள். 'பள்ளத்தி' என்று சொல்லிப் பூனைக்குப் போடுவார்கள். அதுதான் செல்லக்காசு. அதே மீன் இன்று சென்னை கொளத்தூர்க் கடைகளில் 'ஆரஞ்சு குரோமைட்' என்ற பெயர்ப்பலகையோடு நீந்துகிறது.

1970-களின் தொடக்கத்தில் வைமன், வார்டு என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இரண்டு மீன்களின் உறவை எழுதினார்கள். சிறிய செல்லக்காசுகள் பெரிய செத்தக்கெண்டையின் துடுப்பிலும் உடலிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்கின்றன. செத்தக்கெண்டை ஆடாமல் நின்று கொடுக்கிறது, நாவிதரிடம் தலையைக் கொடுத்தது போல. அதே செல்லக்காசு, சமயம் கிடைத்தால் செத்தக்கெண்டையின் முட்டையையும் இளங்குஞ்சையும் தின்றுவிடும். அதைத் துரத்தாமல் செத்தக்கெண்டைக்குக் குடும்பம் நடத்த முடியாது. பகலில் வைத்தியர், பிள்ளை பிறந்த வீட்டில் திருடர். ஆறு அகலமாக இருப்பதால் இரண்டும் நடக்கிறது. தொட்டியில் அந்த அகலம் இல்லை. பொருத்தம் என்பது இரண்டு மீன்களுக்கு இடையே மட்டும் உள்ள சமாசாரம் அன்று, அவற்றுக்கு இடையே உள்ள தண்ணீரின் அளவையும் சேர்த்ததே.

நாலடித் தொட்டிக்கு என் சிபாரிசு

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். சுமார் 250 லிட்டர் பிடிக்கும். கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றோடொன்றைக் கலக்கவேண்டாம்.

தென்னமெரிக்க வீடு: ஏஞ்சல் நாலைந்து, எல்லாம் ஒரே வயதில் சிறியதாக வாங்கவும். அடியில் மேய கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி ஆறு. தண்ணீர் மென்மையாக இருந்தால் மட்டும் ராம் ஒரு ஜோடி. செடிகளும் மரத்துண்டும் வைக்கலாம். ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் மற்றவற்றுக்கு வேறு இடம் தேடத் தயாராக இருக்க வேண்டும்.

மலாவி வீடு: 'யெல்லோ லேப்' என்ற மஞ்சள் மீனும், நிறத்தில் அதற்கு மாறான இன்னொரு சாந்தமான ம்புனா இனமும், மொத்தம் பத்துப் பன்னிரண்டு. ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும். கற்களை அடியிலிருந்து உறுதியாக அடுக்கி ஒளிந்துகொள்ளப் பொந்துகள் விடுங்கள். மண்ணைத் தோண்டும் மீன், கல் சரிந்தால் கண்ணாடி போய்விடும். தாவர உணவு அதிகம் கொடுங்கள்.

உள்ளூர் வீடு: செல்லக்காசு ஆறு முதல் எட்டு. கூட உப்புத் தாங்கும் மாலி சில. நம் கடினமான தண்ணீரும், அதில் சிறிதளவு உப்பும் இவற்றுக்கு ஒத்துப்போகும். செத்தக்கெண்டை வேண்டாம். அது ஒரு சாணுக்கு மேல் வளரும், செடிகளையும் தின்றுவிடும்.

ஆஸ்காரும் ஃபிளவர்ஹார்னும் தனிக்கட்டைகள். ஃபிளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல. 1990-களில் மலேசியாவில் நடு அமெரிக்கச் சிக்லிட்டுகளைக் கலந்து மனிதர் உண்டாக்கியது. வாஸ்து மீன் என்று விலை சொல்கிறார்கள். வீட்டுக்கு என்ன கொண்டுவருமோ, பக்கத்து மீனுக்கு எமனைக் கொண்டுவரும்.

நான் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். சென்ற மாசியில் ஒரு ஜோடி, பூந்தொட்டி ஓட்டின் சரிவில் முட்டையிட்டது. இரண்டுக்கும் வயிற்றுப்புறம் கறுத்தது. மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டே நின்றன. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய் தந்தையின் உடம்பில் வந்து வந்து உரசிச் சென்றன. மேலே சுரக்கும் வழுவழுப்பை உண்கின்றன என்று படித்திருந்தேன், கண்ணாலும் பார்த்தேன். பூனைக்குப் போட்ட மீன்.

தொட்டி பெரிதானால்

கடைசியாக ஒன்று. நாம் தொட்டியில் செய்யும் கலவையை அரசாங்கங்கள் ஏரிகளில் செய்திருக்கின்றன. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நூற்றுக்கணக்கான சிறு சிக்லிட் இனங்கள் வேறெங்கும் இல்லாதவை. மீன்பிடித் தொழில் பெருகட்டும் என்று 1950-களில் அதில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனை விட்டார்கள். அது ஆளுயரம் வளரக்கூடியது. முப்பது ஆண்டுக்குள் ஏரியின் சிக்லிட்டுகள் சரிந்தன. ஏறக்குறைய 200 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்பது அறிஞர்கள் கணிப்பு. ஏற்றுமதி பெருகியது உண்மை. போன இனங்கள் போனதும் உண்மை. ஏஞ்சலும் நியானும் என்ற அதே கணக்குத்தான், அளவு மட்டும் கடலத்தனை.

நம் பக்கம் வந்தது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்கச் சிக்லிட். 1952-இல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்தது. வாயில் குஞ்சு காத்து, எந்தத் தண்ணீரிலும் பிழைத்து, ஏழைக்குச் சாப்பாடாகி, குளம் குளமாகப் பரவிற்று. வந்தவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் அது நிறைந்த குளத்தில் நம் பழைய கெண்டைகளும் குரவையும் முன்பு போல் கிடைப்பதில்லை என்று வலை வீசுகிறவர்கள் சொல்கிறார்கள்.

இப்போது அந்த வேலையை நாமே செய்கிறோம். வளர்ந்து அடங்காமல் போன ஆஸ்காரை, 'டேங்க் கிளீனர்' என்று வாங்கிய சக்கர் மீனை, கொல்ல மனமில்லை என்று பையில் எடுத்துக்கொண்டு போய் ஏரியில் விடுகிறோம். புண்ணியம் என்று நினைக்கிறோம். தொட்டியில் பொருத்தம் தவறினால் நாலு மீன் சாகும். மறுநாள் தண்ணீரை மாற்றிவிடலாம். ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் பொருத்தம் தவறினால் மாற்றுவதற்கு வேறு தண்ணீர் இல்லை.

ஆகவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: வாங்கும் முன் மீனின் ஊரையும் உயரத்தையும் உணவையும் கேளுங்கள். இடம் போதாமல் போனால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், பாதி விலை கிடைத்தாலும் சரி. வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.